ரெக்கார்டு நோட்டில் இல்லாத பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விருதுநகரில் 14 வருடமாகக் கணினி மையம் நடத்துகிறேன். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களின் கடைசி வருட புராஜெக்ட் வேலைகளில் நான் காணும் ஒரு குறையைச் சொல்லவே இந்தக் கடிதம்: புரோகிராம் ஓட எந்தெந்தத் துணைத் தொகுப்புகள், எந்த வெர்ஷனில் வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

இங்குள்ள ஒரு பள்ளிக்கு, மாணவர் அடையாள அட்டை அச்சடிக்க 2021-ல் சில மாணவர்கள் புராஜெக்டாகப் பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஜூனில் பள்ளி புதுக் கணினி வாங்கியது. பைத்தான் 3.13 போட்டு ஓட்டினேன். 'பிஐஎல் என்று ஒன்று இல்லை' என்று நின்றது. பிஐஎல் என்பது படங்களைக் கையாளும் துணைத் தொகுப்பு. அந்தப் பெயரில் கேட்டால், தொகுப்புகளை இறக்கி நிறுவித் தரும் பிப் தராது. பெயர் பில்லோ என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பிஐஎல் கைவிடப்பட்ட பிறகு அதிலிருந்து கிளைத்தது பில்லோ. ஆனால் புரோகிராமுக்குள் அழைக்க இன்னும் பழைய பெயர்தான். புரோகிராமின் வரிகளை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது.

பில்லோ வந்ததும் அடுத்த தகராறு. மாணவர் புகைப்படத்தைச் சுருக்கும் வரியில், சுருக்கும் முறையின் பெயர் 'ஆன்டிஅலையாஸ்' என்று இருந்தது. அந்தப் பெயரை 2023-ல் வந்த பில்லோ 10-லேயே நீக்கிவிட்டார்கள். சரி, பழைய 8-ஐயே போடலாம் என்றால் அது 3.13-க்குப் பொருந்தவில்லை. அதே முறையின் இன்னொரு பெயரான 'லான்சோஸ்' என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், ஓடியது. அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள். எழுதிய தம்பியை ஃபோனில் பிடித்தேன். “எந்த வெர்ஷன்னு ஞாபகம் இல்ல சார், அந்த லேப்டாப்பையே வித்துட்டேன்” என்றார். அவர் மேல் தப்பில்லை. யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இதைத் தவிர்க்க, புரோகிராமுடன் பைப்ராஜெக்ட்.டாமல் என்று ஒரு சின்னக் கோப்பு வைத்தால் போதும். புரோகிராமின் பெயர், அதன் வெர்ஷன், எந்தப் பைத்தான் வேண்டும், 'பில்லோ 8-க்கு மேல், 10-க்குக் கீழ்'. பத்து வரி கூட வராது. இந்த விவரங்களை எல்லாருக்கும் பொதுவாக இப்படி எழுதும் முறை 2020-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. 3.13 ஒத்துவராது என்று அதில் இருந்திருந்தால், பிப் முதல் நிமிடத்திலேயே மறுத்திருக்கும். நிறுவும்போது இந்த வெர்ஷன் கணினியில் பதிவாகும்; பைத்தான் 3.8 முதல், புரோகிராமே அதைப் படித்துக்கொள்ளும்படி எழுதலாம். வெர்ஷனை நாலு இடத்தில் எழுதி மூன்றில் மாற்ற மறக்கும் கதையும் இல்லை.

சிலர், நிறுவியிருக்கும் தொகுப்புகளையெல்லாம் பட்டியலிடும் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளையை அடித்து, வருவதை அப்படியே கோப்பாகத் தருகிறார்கள். போன மாதம் ஒன்று பார்த்தேன், 118 வரி. வருகைப் பதிவேடு புரோகிராமுக்கு, விளையாட்டுகள் செய்ய உதவும் பைகேம் எதற்கு? அந்தப் பையன் லேப்டாப்பில் விளையாட்டு செய்து பழகியிருக்கிறான், அவ்வளவுதான்.

தங்க எழுத்து பொறித்த பைண்டிங்குக்கு மாணவர்கள் அலைகிற அலைச்சலை ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கிறேன். வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வரும் தேர்வாளர்கள் அந்த ரெக்கார்டைப் புரட்டுவதோடு, மாணவரின் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் உள்ள வேறொரு கணினியில் அந்தப் புரோகிராமை நிறுவிக் காட்டச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
விருதுநகர்.