கரண்ட் மீட்டர் தொலைந்ததற்கு எங்கள் விளக்கம்

நீரளவீட்டுப் பிரிவின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்று நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டரை வெள்ளத்தில் தொலைத்ததற்கு விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய குறிப்பாணை கிடைத்தது. மிதந்து வந்த மரம் மீட்டர் தொங்கிய கம்பியில் சிக்கியது, கம்பியை வெட்டினோம். வெட்டாமல் இருந்திருந்தால் கருவியோடு ஆளையும் சேர்த்துக் கணக்கு எழுத வேண்டி வந்திருக்கும்.

ஆழமான ஆற்றை முறைப்படி அளப்பதென்றால் குறுக்கே 20, 25 இடங்களில் மீட்டரை இறக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஆழத்தின் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் நிறுத்தி, நீரோட்டத்தில் சுழலும் அதன் கிண்ணச் சக்கரத்தின் ‘டிக்’ ஒலியைக் குறைந்தது 40 விநாடி எண்ண வேண்டும். மழை இரைச்சலில், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. மீட்டரோடு தொங்கும் எடையை ஏற்றி இறக்கி நகர்த்தி முடிக்க ஒரு மணி நேரம் தாண்டிவிடும். அதற்குள் ஆறு ஏறிவிடுகிறது. முதல் இடத்தில் அளந்த வெள்ளம் கடைசி இடத்தில் இல்லை. உச்ச வெள்ளத்தில் இறக்கவே முடிவதில்லை. ஆகவே நீர்மட்டத்தையும் ஓடும் நீரின் அளவையும் இணைக்கும் வரைகோட்டின் மேல்முனையைப் பென்சிலால் நீட்டிவிடுகிறோம். வெள்ள எச்சரிக்கை அந்தப் பென்சில் கோட்டை நம்பித்தான் போகிறது.

எங்களுக்கு, நீருக்குள் ஒலியலை அனுப்பி வேகத்தை அளக்கும் டாப்ளர் ஒலிக்கருவியும் ரேடாரும் தேவை. டாப்ளரைச் சிறு மிதவையில் கட்டிக் கரைக்குக் கரை இழுத்தால், ஆழமும் வேகமும் சில நிமிடங்களில் கிடைக்கும். மரம் அடித்து வரும் வெள்ளத்தில், தண்ணீரைத் தொடாமல் பாலத்தின் மீதிருந்தே மேற்பரப்பு வேகத்தை ரேடார் படித்துவிடும். அதைச் சராசரி வேகமாக்க ஏறத்தாழ 0.85ஆல் பெருக்க வேண்டும் என்பதும், அந்த எண் இடத்துக்கு இடம் மாறும் என்பதும் தெரியும். படுகை மணல் நகர்ந்தால் டாப்ளர் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் என்பதும் தெரியும். மந்திரக்கோல் கேட்கவில்லை.

தலைமையகத்தில் சுவரளவுத் திரை வைத்திருக்கிறீர்கள். நீரோட்டம் அதில் மூன்று தசம இடத்துக்கு ஒளிர்கிறது. அந்தத் தசமங்கள் பிறப்பது, கையால் சுழற்றிவிட்டால் பாதியிலேயே நின்றுபோகும் சக்கரத்தில். அச்சு முனை மழுங்கிவிட்டது என்று எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. தொலைந்ததும் குறிப்பாணை மட்டும் உடனே வருகிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் டாப்ளரும் ரேடாரும் தந்து உதவுங்கள். கூடவே, இயக்கக் கற்றுத்தர ஒருவரையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில்தான் இருக்கும். எஞ்சியிருக்கும் பழைய மீட்டர்களைக் கழித்துவிட வேண்டாம். புதியவை சரியாகக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட அவை தேவைப்படும்; அளவுத்திருத்தம் மட்டும் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
களப் பணியாளர்கள்