மழைக்கு முன்பே கால்வாய்களைத் தூர்வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ், மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒடுங்கிய ஊர். லே பூஸ் மலைச்சரிவில் கொட்டும் மழை சற்று நேரத்தில் துறைமுகக் கரையிலுள்ள கோடான் பக்கம் வந்துவிடும். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது கார்கள் தெருவில் மிதந்தன. இயற்கைச் சீற்றம் என்று அதிகாரிகள் கைவிரிப்பதை ஏற்க முடியவில்லை.

கால்வாய் முதலில் அடைபடுவது பாலங்களுக்கு அடியில்தான். குறுக்கே போகும் குழாயில் ஒரு மரக்கிளை சிக்கினால் போதும். பிளாஸ்டிக் பை, பழைய மெத்தை, மண் எல்லாம் அதில் சேர்ந்து அணையாகிவிடும். கடல் ஏற்றமும் கூடினால் நீர் வடியவே வடியாது.

ஆகவே தூர்வாருவதைக் கடல்முகத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போய், அக்டோபருக்குள் முடிக்க வேண்டும். அள்ளிய சேற்றை அன்றன்றே லாரியில் ஏற்றுங்கள். கரையில் குவித்தால் அடுத்த மழைக்கு மீண்டும் உள்ளேதான் இறங்கும். கனால் டயோ போன்ற தாழ்வான புறநகர்களை இம்முறையாவது கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்