ரிஷிகேஷ்ல இருந்து அம்மா

பாப்பா,

நேத்து சாயங்காலம் யோகா டீச்சர் கோர்ஸ் பரீட்சை முடிஞ்சிருச்சு. அம்மா பாஸ். சர்டிபிகேட் நாளைக்கு காலையில தருவாங்களாம். வாட்ஸப்ல ஒரு வரி போட்டா போதும்னுதான் முதல்ல நெனச்சேன், ஆனா உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒரு வரியில அடங்காது, அதான் தபோவன்ல தங்கியிருக்கிற வீட்டு மொட்டை மாடியில வெயில் காய்ஞ்சுகிட்டே டைப் பண்றேன்.

"58 வயசு, மூட்டு வலி, பிரஷர் மாத்திரை வேற, நீங்க ஏம்மா அங்க போய் கஷ்டப்படணும்"னு நீ கேட்டப்ப எனக்கு கோவம் வந்துச்சு. இப்ப சொல்றேன், நீ பயந்தது தப்பில்ல. முதல் வாரம் நானே பயந்தேன். காலையில அஞ்சரைக்கு மணி அடிப்பாங்க, இங்க பிப்ரவரி குளிர் எப்படின்னு உனக்கு தெரியாது, மலேசியாவுல நம்ம சிரம்பான்ல மழை பேஞ்சாலே நான் போர்வை தேடுறவ. எழுந்ததும் நேத்தி, அதாவது வெதுவெதுன்னு உப்பு தண்ணிய சின்ன கெண்டியில ஊத்தி ஒரு மூக்குல விட்டு இன்னொரு மூக்கு வழியா வெளிய விடுறது, அப்புறம் பிராணாயாமம், ஹட யோகம், கஞ்சி, உடற்கூறு, தத்துவம், மத்தியானம் அஷ்டாங்கம், சாயங்காலம் தியானம். ஞாயிறு மட்டும் லீவு. 200 மணி நேரத்தை 4 வாரத்துல அடைக்கணும்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல ஆகுது, ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாலயே கண்ணு சொக்கும்.

பிரஷர் இருக்கிறதால எனக்கு சிரசாசனம் கிடையாது, வயித்தை உள்ள இழுத்து வேகமா மூச்சு விடுற கபாலபாதி கிடையாது, உப்பு தண்ணி குடிச்சு வாந்தி எடுக்கிற குஞ்சல் கிடையாது. எல்லாரும் தலைகீழா நிக்கிறப்ப நான் சுவத்துல காலை தூக்கி வச்சு படுத்துக்குவேன். முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் பதஞ்சலி பாடத்துல ஆசனம்னா நிலையாவும் சுகமாவும் இருக்கணும், அவ்வளவுதான் அவர் கேக்குறதுன்னு சொன்னாங்க, அன்னைக்கே வெக்கம் போயிருச்சு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு பிடிக்கல. கூட படிச்ச ஒரு கொரியா பொண்ணு, உன் வயசு இருக்கும், முன்னாடி குனிஞ்சு காலை பிடிச்சிட்டு இருந்தப்ப உதவிக்கு வந்த ஒருத்தர் கேக்காம கொள்ளாம முதுகுல கை வச்சு அழுத்திட்டாரு. உக்கார்ற எலும்புல தொடை தசை வந்து ஒட்டுற இடம் இருக்கு பாரு, அங்க இழுத்துக்கிச்சு, 4 நாள் அவளால தரையில உக்கார முடியல. ராத்திரி அவ ரூம்ல நான்தான் ஐஸ் வச்சேன். நர்ஸிங் நான் 3 வருஷம் படிச்சேன், அதுக்கப்புறமும் ஒரு சிஸ்டர் பக்கத்துல நிக்காம ஊசி போட விடல. இங்க 4 வாரத்துல டீச்சர்னு பேப்பர் குடுக்குறாங்க. இது தொடக்கம்னுதான் நான் எடுத்துக்கிறேன், ஊருக்கு வந்து யாரையும் கேக்காம தொட மாட்டேன், அழுத்தவே மாட்டேன்.

இப்ப உன்கிட்ட சொல்ல வந்தது. மூணாவது வாரம் நாங்களே ஒருத்தருக்கொருத்தர் கிளாஸ் எடுத்து பழகணும். நான் 20 நிமிஷம் எடுத்தேன். ஒரு தப்பு இல்ல, எந்த எலும்பு எந்த தசைன்னு எல்லாம் சரியா சொன்னேன். முடிஞ்சதும் டீச்சர் சொன்னாங்க, "எல்லாம் சரி, ஆனா அவங்க மூச்சு விட நீங்க இடமே குடுக்கல"ன்னு. கைய தூக்கு, மூச்சை இழு, அசையாத, விடு, அடுத்தது. 31 வருஷம் வார்டுல பேசின பேச்சு அது. அப்புறம் ஒரு பயிற்சி குடுத்தாங்க, ஒண்ணு சொல்லிட்டு மூணு மூச்சு வரைக்கும் வாயை மூடிக்கணும், பாக்கணும், அப்புறம்தான் அடுத்தது. சின்ன விஷயம் மாதிரி இருக்கும், எனக்கு இந்த கோர்ஸ்லயே கஷ்டமானது அதுதான், தொண்டை வரைக்கும் வார்த்தை வந்து நிக்கும்.

அப்படி நின்னப்ப உன் ஞாபகம்தான். போன வருஷம் மெல்பர்ன்ல இருந்து ராத்திரி கூப்பிட்டு "தூக்கமே வரலம்மா"ன்னு சொன்ன. நான் என்ன சொன்னேன்? காப்பி குடிக்காத, போனை தள்ளி வை, பால் குடி, வேலையை மாத்து. ஏன் தூக்கம் வரலன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீ "சரிம்மா"ன்னு வச்சிட்ட, அதுக்கப்புறம் நம்ம பேச்செல்லாம் 5 நிமிஷத்துல முடிஞ்சிருது. மன்னிச்சுக்கோ கண்ணு.

போன ஞாயிறு விக்ரம்னு ஒரு ஷேர் ஆட்டோ ஏறி முனி கி ரேத்தியில இருக்கிற சிவானந்தர் ஆசிரமத்துக்கு போனேன். அவர் பாய்க்கு பேர் போன பத்தமடையில 1887ல பிறந்தவரு, 1913ல மலாயா வந்து நம்ம சிரம்பான் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியிலதான் டாக்டரா இருந்தாரு, அப்புறம் ஜொகூர். 1923ல எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பி அடுத்த வருஷம் இங்க வந்துட்டாரு. கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, பால் மரம் வெட்டினவங்களுக்கு மருந்து குடுத்த கை அது, நம்ம பாட்டன் பூட்டன் யாராவது அந்த வரிசையில நின்னிருப்பாங்களோன்னு சமாதி முன்னாடி உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். அழுகை வந்துச்சு, துடைக்கல.

ஸ்டூடியோ எல்லாம் திறக்கப் போறதில்ல பாப்பா. கோயில் மண்டபத்துல நாற்காலி போட்டு, தோட்டத்துல வேலை செஞ்சு முதுகும் முட்டியும் போன நம்ம அக்காமாருக்கு தமிழ்ல சொல்லிக் குடுக்கணும், வாரம் ரெண்டு நாள். காசு வாங்க மாட்டேன். உனக்கு சரின்னு படுதா சொல்லு.

வியாழக்கிழமை டெல்லியில இருந்து பிளைட், ராத்திரி வீட்டுக்கு போயிருவேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடு. இப்ப தூக்கம் எப்படி இருக்குன்னு சொல்லு, அவசரமில்ல. நான் பேசாம இருந்தா லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சு வச்சிராத, கேட்டுக்கிட்டுதான் இருப்பேன்.

அம்மா