பால் ஆலை டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் ஆலைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இன்னொரு விரிவாக்க டெண்டர் வந்திருக்கிறது, பழைய அச்சிலேயே. பாலைக் குளிர்விக்க அம்மோனியா கம்ப்ரசரும், அந்த வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியே விடும் கூலிங் டவரும் ஒரு பக்கம். பாஸ்டரைசருக்கும் சி.ஐ.பி. (குழாய், தொட்டிகளைக் கழற்றாமலே உள்ளே சுத்தம் செய்யும்) கழுவலுக்கும் வெந்நீர் தர விறகு பாய்லர் மறுபக்கம். பாலிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தண்ணீரோடு காற்றில் விட்டுவிட்டு, அதே வளாகத்தில் வெப்பத்துக்காக விறகு எரிக்கிறோம்.

டவரில் 1,000 லிட்டர் ஆவியானால் வெளியேறுவது ஏறக்குறைய 670 யூனிட் வெப்பம். அதோடு நிற்பதில்லை. உப்புத்தண்ணீர் போர்வெல் என்றால் ஆவியாவதில் பாதியளவு, டவரில் உப்பு சேராமலிருக்கத் திறந்துவிடும் புளோடவுனாகச் சாக்கடைக்கும் போகும். அந்த வால்வை இறுக்கினால், அம்மோனியா வெப்பத்தை விட்டுத் திரவமாகும் கண்டென்சரின் குழாயில் உப்பு படியும், கம்ப்ரசர் தள்ளவேண்டிய அழுத்தம் (ஹெட் பிரஷர்) ஏறும். கண்டென்சிங் வெப்பநிலை 1 டிகிரி கூடினாலே கம்ப்ரசர் 2, 3 சதவீதம் அதிக மின்சாரம் இழுக்கும். அதனால் ஆபரேட்டர் வால்வைத் திறந்தே வைக்கிறார், லாரித் தண்ணீர் வாங்கும் சித்திரையிலும்கூட. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டவருக்குப் போகும் லைனில் மீட்டரே வைக்காதவர்கள் அவரிடம் என்ன கணக்குக் கேட்பது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கூலிங் டவருக்கு விலை கேட்குமுன், வீணாகும் வெப்பத்தை உறிஞ்சி இன்னும் சூடாக்கி வெந்நீருக்குத் தரும் ஹீட் பம்புக்கு விலை கேளுங்கள்.

100 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் ஹீட் பம்ப், திறன் 3.5 (மின்சாரத்தைப் போல் 3.5 மடங்கு வெப்பம் தரும்) என்று அடக்கமாகவே வைத்தாலும், கண்டென்சர் பக்கத்திலிருந்து 250 கிலோவாட் வெப்பத்தை உறிஞ்சும். டவரில் மணிக்கு சுமார் 370 லிட்டர் ஆவியாவது நிற்கும். 30 டிகிரித் தண்ணீர் மணிக்கு 7,500 லிட்டர் 70 டிகிரிக்கு ஏறும். பகலில் 8 மணி நேரம் ஓட்ட 200 கிலோவாட் சோலார் பேனல் வேண்டும். கூரையில் 20,000 சதுர அடி. பல ஆலைகளில் கூரையும் உண்டு, பேனலும் உண்டு, திறப்புவிழாக் கல்வெட்டும் உண்டு. அந்த மின்சாரம்தான் கூலிங் டவர் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

பழைய கம்ப்ரசரையே இதற்குப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்படி வெந்நீர் தர அம்மோனியாவை 80 டிகிரியில் ஓட்டினால் அதன் அழுத்தம் 41 பார். உயர் அழுத்தக் கம்ப்ரசர் தனியாகவே வேண்டும். பால் வருவது காலையும் மாலையும், வெயில் நடுப்பகலில். ஆகவே குளிரைப் பனிக்கட்டியாகச் சேமிக்கும் ஐஸ் பேங்கைப் பகலில் உறைய வைத்து, வெந்நீரை உயரமான, காப்பிட்ட தொட்டியில் மேலிருந்து நிரப்பி வையுங்கள். கலக்கிவிட்டால் எல்லாம் வெதுவெதுப்பாகி, பாய்லரை மறுபடி பற்றவைக்க வேண்டிவரும். நீராவி கட்டாயம் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் சின்ன பாய்லர் இருக்கட்டும்.

விலைப்புள்ளி திறக்குமுன் ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும்: டவர் லைனிலும் புளோடவுனிலும் மீட்டர், ஆலை முழுமைக்கும் ஒரே வெப்பக் கணக்கு, டவருக்கு முன்னால் ஹீட் பம்ப். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
குளிர்பதனத் தொழில்நுட்பர்கள் சிலர்