அப்பாவின் மாத்திரைக் கணக்கு

அன்புள்ள கார்த்திக்கு,

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் போனில் எதையும் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. இன்டர்நெட்டில் ரத்தப் புற்றுநோய்க்கான வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை 400 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதே, அப்பாவுக்கு ஏன் 100 தருகிறார்கள் என்று கத்தினாய். பணத்துக்காகக் குறைக்கவில்லையப்பா. பூஞ்சைத் தொற்று வராமலிருக்க போசகோனசோல் மாத்திரையும் கூடவே போகிறது. அது வெனிடோக்ளாக்ஸை ஈரல் சீக்கிரம் கழிக்கவிடாது. மருந்து ரத்தத்திலேயே தேங்கும். அதனால்தான் இந்த அளவு. பம்ப்ளிமாஸ் பழத்தை வேண்டாம் என்றதும் இதனால்தான்.

ஸ்ட்ராங்கான கீமோ ஏன் இல்லை என்றாய். ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் இன்னொன்றும் சேர்த்து ஏற்றுகிற முறையை டாக்டர் மறைக்காமல் சொன்னார். 76 வயது, பலவீனமான இதயம், சர்க்கரை வேறு. நோய் போவதற்குள் ஆளே போய்விடலாம் என்றார். அதனால் ஏழு நாள் வயிற்றுத் தோலில் அசாசிடிடின் ஊசி, கூடவே இந்த மாத்திரை. இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 9.6 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். மாத்திரையும் சேர்ந்தபோது 14.7 மாதம். பூரண குணம் என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அப்பா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

இதுவும் லேசான வைத்தியம் இல்லை. முதல் சுற்றில் பிளேட்லெட் 8,000-க்கு இறங்கிவிட்டது. கெண்டைக்காலில் கடுகு தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள், பல் தேய்த்தால் ரத்தம். எதிர்வீட்டு அக்கா டெங்குவுக்குக் கேட்டதாம் என்று பப்பாளி இலைச் சாறு அரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்! வாங்கி ஓரமாக வைத்தேன். பிளேட்லெட் பையை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. ரத்த வங்கியில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கிறார்கள், ஐந்து நாள்தான் தாங்குமாம். முன்கூட்டி வாங்கி வைக்க வழியில்லை. ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டும். அப்பாவின் பழைய ஆபீஸ் பசங்கதான் ஓடி வந்தார்கள்.

சுற்று முடிந்து எலும்பு மஜ்ஜையைப் பார்த்ததில் கெட்ட செல்கள் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டன. அதனால் இனி மாத்திரை 28 நாளுக்குப் பதில் 21 நாள்தான், மஜ்ஜை தேறிவர இடைவெளி. இதற்கும் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே.

வரும்போது ஜலதோஷம் இருந்தால் இரண்டு நாள் மாமா வீட்டில் தங்கிவிட்டு வா. அப்பாவுக்கு 100.4 காய்ச்சல் அடித்தாலே நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்புறம், போனில் அவரிடம் கவுண்ட் எவ்வளவு என்று ஆரம்பிக்காதே, மேட்ச் பார்த்தீர்களா என்று கேள். டிக்கெட் போடுவதற்கு முன் தேதியைச் சொல்லு. ஊசி வாரத்துக்கு முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று டாக்டரிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா