சிகிச்சையில் உள்ள பிள்ளைகளின் ஓவியங்களுக்குப் போட்டி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் மனநல மருத்துவமனைகளில் ஓவியப் போட்டியும் கண்காட்சியும் நடப்பதுண்டு. வன்கொடுமையிலிருந்து மீண்டுவரும் பதின்பருவ உள்நோயாளிகளைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். பரிசு என்று வந்துவிட்டால் பிள்ளை நடுவருக்குப் பிடித்ததைத்தான் வரையும்.

இந்தப் பிள்ளைகள் வரைவது போட்டிக்காக அல்ல, சிகிச்சைக்காக. ஓவியச் சிகிச்சைக் குழுவில் ஆறேழு பேர், இரண்டு பணியாளர்கள், ஒரு மணி நேரம். யாருடைய முதுகும் கதவுப் பக்கம் இல்லாதபடி நாற்காலி போட வேண்டும். "நடந்ததை வரை" என்று சொல்லவே கூடாது. தொடக்கத்தில் ஏ4 தாள், கிரேயான், ஆயில் பேஸ்டல், கையால் கிழித்து ஒட்டும் வண்ணக் காகிதம் போதும். வாட்டர் கலர் நினைத்த இடத்தில் நிற்காமல் பரவும். எதுவும் தன் கையில் இல்லை என்று தவிக்கும் பிள்ளைக்கு அது பதற்றத்தைக் கூட்டும். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஈரக் களிமண்ணின் பிசுபிசுப்பே பழையதைக் கிளறிவிடலாம். ஷார்ப்னரை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதன் பிளேடைக் கழற்றிக் கையைக் கீறிக்கொள்வது எளிது. சீவிய பென்சில்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்.

வரையும் கை சட்டென நின்று, பார்வை குத்திட்டு, மூச்சு வேகமெடுத்தால் தொடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். தாளைக் கவிழ்த்து வைக்கலாம். அன்றே பேசித் தீர்க்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் பாதியில் எழுப்பினால், கலங்கிய மனத்தோடு பிள்ளை வார்டுக்குப் போகும். இரவுப் பணி நர்ஸுக்கு எதுவும் தெரியாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து அப்போதுதான் அதிகம். கை கழுவ, தாளை ஃபைலில் வைக்க, நாலு வார்த்தை பேச நேரம் விட்டு முடியுங்கள். யார் கலங்கினார்கள் என்பதை டியூட்டி மாறும்போது சொல்லியாக வேண்டும்.

கறுப்பு வண்ணம் எடுத்தால் மனச்சோர்வு என்று குறி சொல்வதும் தவறு. தாளில் அழுத்தமாகப் பதிகிறதே என்றுகூட எடுத்திருக்கலாம். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், துருவித் துருவிக் கேட்காமல் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தகவல் கொடுக்க வேண்டும்.

நோயாளியின் ஒளிப்படத்தையோ விவரத்தையோ சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. ஓவியத்தையும் அப்படியே காக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. போட்டிக்கு நிதி தர முன்வரும் நல்ல உள்ளங்கள், அந்தப் பணத்தில் பதின்பருவப் பிரிவுக்குப் பூட்டுள்ள பீரோ ஒன்று வாங்கித் தந்தால் பிள்ளைகளின் ஃபைல்கள் பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பதின்பருவ மனநலப் பிரிவுப் பணியாளர்கள்