படம் தெளிவாக இருந்தால் போதுமா? வேலூர் பக்கம் மார்பகப் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கும் முகாம் ஏற்பாடு செய்யும் சங்கத்தாருக்கும் வணக்கம்.

போன அக்டோபரில் நீங்கள் வைத்த இலவச மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முகாமுக்குக் குடியாத்தத்திலிருந்து என் பெரியம்மாவை நான்தான் கூட்டி வந்தேன். வயது 56, எடை 92 கிலோ. முப்பது வருஷமாக மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர், கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். அந்த உடம்பு சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அங்கே எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

நீங்கள் கொடுத்த அங்கி முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. வேறு சைஸ் இல்லையாம். முந்தானையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆண்களும் போய்வருகிற வராண்டாவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷினில் நிறுத்தியபோது "இப்படி சதை போட்டா நான் எப்படிம்மா பிடிக்கிறது" என்று படம் எடுக்கிற பெண் அலுத்துக்கொண்டது வெளியே எனக்கே கேட்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர் பள்ளிகொண்டா தாண்டும்வரை பேசவே இல்லை.

சரி, அதைக்கூட விடுங்கள். "நார்மல்மா, கொழுப்பு மார்புதான், படம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று ஒரு டாக்டர் சிரித்தபடி சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது பொய்யில்லை. பால் சுரப்பித் திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான், அதனால் அந்தத் திசு நிறைந்த அடர்த்தியான மார்பில் கட்டி ஒளிந்துகொள்ளும். கொழுப்போ கறுப்பாகத் தெரியும், பருத்த பெண்களின் படத்தைப் படிப்பது பெரும்பாலும் சுலபம். ஆனால் மீதிப் பாதியை யார் சொல்வது? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடம்பின் கொழுப்பிலிருந்துதான் வருகிறது, அதனாலும் அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பையே கூட்டுகிறது. படம் தெளிவு என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா? பெரியம்மா அப்படித்தான் புரிந்துகொண்டார், "எனக்கு ஒண்ணும் இல்லியாம்" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

நாலு மாதத்தில் காலில் ஆறாத புண். வெறும் வயிற்றில் சர்க்கரை 286. அன்றைக்கே விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்திருக்கலாமே! தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால் இடுப்பை அளந்திருந்தாலும் போதும், நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் கேட்பது இவ்வளவுதான். மார்பைப் படம் எடுக்கிற அதே நாளில், அதே இடத்தில், சர்க்கரை, பிரஷர், இடுப்பளவு மூன்றையும் பாருங்கள். அடர்த்தி என்ன, அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் அதைப் புரிகிற மாதிரி எழுதிச் சொல்லியே ஆக வேண்டும். நமக்கு அடர்த்தியைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து, அதுவும் ஒட்டிய கவருக்குள்.

வங்காளத்திலிருந்து ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள், பக்கத்தில் இருக்கிற குடியாத்தத்துக்காரிக்கு அரைகுறை வார்த்தைதான் கிடைக்கிறது. பிங்க் பலூனுக்கும் ஃபிளெக்ஸுக்கும் காசு இருக்கிறது, ஃபிளெக்ஸில் முகாமைத் தொடங்கி வைத்தவர் முகம் மட்டும் ஆளுயரத்துக்கு இருக்கிறது, குளுக்கோமீட்டர் பட்டைக்கு மட்டும் காசு இல்லையா?

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இலவசமாகச் செய்கிறீர்கள், அந்த நன்றி உண்டு. தயவுசெய்து அடுத்த முகாமிலாவது அதே நாளில் சர்க்கரையும் பாருங்கள், ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லுங்கள். பெரியம்மாவை மறுபடி கூட்டி வரத்தான் போகிறேன், வரமாட்டேன் என்கிறார், பேசிக்கொண்டிருக்கிறேன். பெரிய சைஸில் நாலு அங்கி தைத்து வையுங்கள். துணி நீங்கள் கொடுத்தால் தையல் கூலி நான் தருகிறேன்.